உதைபந்தும் கால்பந்தும்: கிழக்காசியப் பந்துதை ஆட்டப் பெயர்களும் தமிழ்ச் சொல்லாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

சீனத்தின் சுஜு, கொரியாவின் சுக்குக், ஜப்பானின் கெமரி ஆகிய பண்டைய ஆட்டங்களின் பெயர்கள் 'உதைத்தல்' என்னும் வினையை அடியாகக் கொண்டவை. இலங்கைத் தமிழின் 'உதைபந்து' இதே முறையில் அமைந்தது. தமிழ்நாட்டின் 'கால்பந்து' உறுப்பின் பெயரை அடியாகக் கொண்டது. இவ்வொற்றுமை பெயரிடும் முறையைச் சார்ந்ததேயன்றி மொழியுறவையோ கடனையோ காட்டுவதாகாது என்பதைத் தொகையிலக்கணம், இலக்கியச் சான்று, அண்டை மொழிகளின் வழக்கு ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கிழக்காசிய ஆட்டங்களைத் தமிழில் எவ்வாறு பெயரிட்டு எழுதலாம் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உதைபந்து, காற்பந்து, பந்தடி, சுஜு, கெமரி, வினைத்தொகை, சொல்லாக்கம், நீலகிரி

முன்னுரை

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பைக்காரா. அதனைக் கடந்தால் நடுவட்டம்; அதற்கப்பால் சாலை கூடலூரை நோக்கி இறங்குகிறது. இம்மலைச் சரிவு தமிழின் இரு வழக்குகள் ஒன்றையொன்று எதிர்கொண்ட இடங்களுள் ஒன்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளில் 'டான்டீ' என வழங்கும் தேயிலைத் தோட்டக் கழகமாக அது வளர்ந்தது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் இத்தோட்டங்களை நம்பிக் குடியேறியவர்கள் பலர்.

இலங்கையில் தமிழ்வழிக் கல்வி பெற்று வந்தவர் அறிந்திருந்த பாடநூற் சொல் 'உதைபந்தாட்டம்'. அவருடைய பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது எதிர்கொண்ட சொல் 'கால்பந்து'. ஆட்டம் ஒன்று, மைதானமும் ஒன்று, சொல் மட்டும் வேறு. வட்டார வழக்கு வேறுபாடு என்று இதனை ஒரு வரியில் கடந்துவிடலாம். ஆயினும் இவ்விரு சொற்களின் அமைப்பை உற்றுநோக்கினால், கிழக்காசியா ஈராயிரம் ஆண்டுகளாகத் தன் பந்து ஆட்டங்களுக்குப் பெயரிட்டு வந்த இரு வழிகளையும் தமிழ் ஒரு நூற்றாண்டுக்குள் தனித்தனியே மேற்கொண்டிருப்பது புலனாகும்.

இவ்வொற்றுமையைக் கண்டவுடன் தமிழுக்கும் கிழக்காசிய மொழிகளுக்கும் உறவு கற்பிக்கும் ஆவல் எழுவது இயல்பே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோமர் ஹல்பர்ட் கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு நூல் எழுதினார். சுசுமு ஓனோ ஜப்பானிய – தமிழ் உறவை வலியுறுத்திப் பல்லாண்டுகள் உழைத்தார். அவர்களுடைய கருதுகோள்களை மதிப்பிடுவது இக்கட்டுரையின் எல்லைக்குள் வாராது. ஆனால் சொற்களின் ஒப்புமை எத்தன்மையது என்று பிரித்தறியாமல் அத்தகைய பட்டியல்களை நீட்டிக்கொண்டே போவது ஒப்பாய்வுக்குத் தீங்கு செய்யும் என்பதற்குப் பந்தின் பெயர்கள் தக்க சான்றாகின்றன.

தொகையிலக்கண நோக்கில் மூன்று வடிவங்கள்

'உதைபந்து' வினைத்தொகை. உதைத்த பந்து, உதைக்கின்ற பந்து, உதைக்கும் பந்து என முக்காலத்துக்கும் விரியும். 'அலைகடல்' என்னும் தொகையில் அலைவது கடலே. 'உதைபந்து' என்பதிலோ பந்து உதைப்பதில்லை, உதைபடுகிறது. 'குடிநீர்' என்பதில் நீர் குடிக்கப்படுவது போன்றதே இது. தமிழ்நாட்டு விளையாட்டு வழக்கிலுள்ள 'எறிபந்து' இதே வகையினது.

வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆதலால் 'உதைபந்து' என்பது இயல்பாகவே நிற்கிறது. இதனோடு 'கைப்பந்து' என்னும் சொல்லை வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் நிலைமொழி ஐகார ஈறு, வருமொழி 'பந்து'. ஆயினும் ஒன்றில் பகரம் மிகுந்தது, மற்றொன்றில் மிகவில்லை. கை பெயர்ச்சொல், உதை வினைப்பகுதி. ஒற்று மிகுதலை மாணவர்க்கு விளக்க இதைவிட எளிய இணை கிடைப்பது அரிது. அச்சில் சிற்சில இடங்களில் காணப்படும் 'உதைப்பந்து' என்னும் வடிவத்தைப் பிழையென்று உடனே தள்ள வேண்டியதில்லை. உதை என்பதை முதனிலைத் தொழிற்பெயராகக் கொண்டவர் எழுதும் வடிவமாக அதனைக் கருதலாம்.

'கால்பந்து' வேற்றுமைத்தொகை. காலால் உதைக்கப்படும் பந்து என விரியும்போது உருபும் பயனும் சேர்ந்தே தோன்றுவதால் இது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகும். கவனிக்கத்தக்கது யாதெனில், இத்தொகையில் மறைந்து நிற்கும் பயனே 'உதைத்தல்' என்னும் வினை. இலங்கை வழக்கு வெளிப்படையாக வைத்த சொல்லைத் தமிழ்நாட்டு வழக்கு தொக்கி நிற்கச் செய்தது. தமிழ்நாட்டு வழக்கு வெளிப்படையாக வைத்த 'கால்' இலங்கை வழக்கில் சொல்லாமலே பெறப்பட்டது.

மூன்றாம் வடிவம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் 'காற்பந்து'. வேற்றுமைப் புணர்ச்சியில் லகர ஈறு வல்லினத்தின் முன் றகரமாகத் திரியும் என்னும் நன்னூல் விதியை அவ்வழக்கு பேணியுள்ளது. தமிழ்நாட்டு வழக்கு கண்ணுக்குக் 'கால்' தெளிவாகத் தெரியட்டும் என்று பிரித்தே எழுதுகிறது. ஆக, ஓர் ஆட்டத்தின் பெயரை எழுதும் முறையைக் கொண்டே எழுதியவர் எந்நாட்டில் தமிழ் பயின்றவர் என்று பெரும்பாலும் கூறிவிடலாம். பெரும்பாலும் என்பதற்குக் காரணம், இன்றைய இலங்கை நாளிதழ்களில் 'கால்பந்தாட்டம்' என்பதும் கலந்து வருகிறது.

சீனம்: மிதித்தலும் உதைத்தலும்

சீனத்தின் பழைய சான்றுகள் சீ நாட்டுத் தலைநகராகிய லின்சியைச் சார்ந்தவை. போரிடும் அரசுகளின் காலத்துச் செய்திகளைத் தொகுத்த 'சான்குவோ சே' என்னும் நூலும், சீமா சியன் இயற்றிய 'ஷிஜி' என்னும் வரலாறும் அந்நகர மக்களின் செழிப்பை வருணிக்குமிடத்தில் இசையோடும் சூதாட்டத்தோடும் பந்தாட்டத்தையும் சேர்த்துக் கூறுகின்றன. அவ்விடத்தில் வழங்கும் சொல் 'தாஜு'. தா என்பது மிதித்தல், ஜு என்பது பந்து. பின்னர் நிலைத்த பெயர் 'சுஜு'. இதில் முன்மொழி உதைத்தல். எழுத்தமைப்பும் பொருள் பொதிந்தது. உதைத்தலைக் குறிக்கும் எழுத்தில் காலைக் குறிக்கும் உறுப்பெழுத்து உள்ளது. பந்தைக் குறிக்கும் எழுத்தில் தோலைக் குறிக்கும் உறுப்பெழுத்து உள்ளது. பழைய பந்து தோலுறைக்குள் மயிர் முதலியவற்றை அடைத்துத் தைக்கப்பட்டது என்பதை எழுத்தே நினைவில் வைத்திருக்கிறது. தாங் காலத்தில் காற்றடைத்த பந்து வந்த பிறகும் எழுத்து மாறவில்லை.

ஹான் அரசமரபின் வரலாற்று நூலிலுள்ள நூற்பட்டியல், சுஜு பற்றிய 25 பிரிவுகள் கொண்ட நூலொன்றைப் போர்த்திறன் சார்ந்த நூல்களுள் வைக்கிறது. அந்நூல் இன்று கிடைக்கவில்லை. எனினும் எவ்வகையில் அது வைக்கப்பட்டது என்பதே ஒரு செய்தி: ஹான் காலத்தார் இவ்வாட்டத்தைப் பொழுதுபோக்கு என்பதற்கு மேலாகப் படைப்பயிற்சி என்றும் எண்ணினர். சோங் காலத்தில் இதன் இயல்பு மாறியது. ஆடுகளத்தின் நடுவே உயர நிறுத்திய வலையிலுள்ள ஒற்றைத் துளையின் வழியே பந்தைச் செலுத்தும் ஆட்டமும், துளையே இன்றித் திறன் காட்டும் ஆட்டமும் வழங்கின. எதிரணியோடு உடல் மோதும் போராட்டம் இவற்றில் இல்லை.

சோங் காலத்துச் சூழலை வைத்து எழுந்த 'ஷுய்ஹு சுவான்' என்னும் புதினத்தில் வரும் காவ் சியூ, பந்துதைக்கும் திறத்தாலேயே அரசவையில் உயர்பதவி பெறுகிறான். அவன் பெயரின் பின்பகுதி முதலில் பந்து என்னும் பொருளுடைய எழுத்து. மயிரைக் குறிக்கும் உறுப்பெழுத்து உடையது. ஊரார் வைத்த பட்டப்பெயர் அது. அவன் உயர்ந்தபின் மயிருறுப்பை நீக்கி மனிதனைக் குறிக்கும் உறுப்பெழுத்தை இட்டுக்கொள்கிறான். ஒலி மாறவில்லை, பந்து மனிதனாயிற்று. அங்கதம் இவ்வளவு சிக்கனமாக எழுத்திலேயே அமைந்த இடங்கள் குறைவு.

மிங், சிங் காலங்களில் சுஜு மங்கியது. ஐரோப்பிய ஆட்டம் வந்தபோது சீனம் தன் பழைய சொல்லைப் புதுப்பிக்கவில்லை. ஆங்கிலச் சொல்லின் இரு பகுதிகளையும் பெயர்த்து 'சூச்சியூ' என்று அமைத்துக்கொண்டது. சூ – கால், சியூ – பந்து. தமிழின் 'கால்பந்து' என்பதற்கு நேரானது. பழைய பெயரில் உறுப்பெழுத்தாக மறைந்திருந்த கால் இங்குத் தனிச்சொல்லாக முன்வந்தது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2004இல் சீனத்தை இவ்வாட்டத்தின் தொட்டிலென ஏற்றது. தொட்டில் என்று சொல்லப்படும் நாட்டிலேயே பழைய பெயர் புதிய ஆட்டத்துக்கு வழங்கவில்லை என்பது நோக்கத்தக்கது. தொன்மை உரிமைக்கும் சொல் தொடர்ச்சிக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளி பாராட்டுரைகளில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

கொரியாவும் ஜப்பானும்

கொரியாவில் அதே சீன எழுத்துகள் 'சுக்குக்' என ஒலிக்கப்பெற்றன. 13ஆம் நூற்றாண்டில் பௌத்தத் துறவி இர்யோன் தொகுத்த 'சம்குக் யூசா' ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. சில்லா நாட்டுத் தளபதி கிம் யூசின், அரசகுமாரர் கிம் சுன்சுவோடு தம் வீட்டின்முன் பந்துதைத்தபோது வேண்டுமென்றே அவருடைய ஆடையின் நாடாவை மிதித்துக் கிழிக்கிறார்; அதனைத் தைத்துத் தரும் பொருட்டுத் தம் தங்கையை அறிமுகம் செய்விக்கிறார்; அவள் பின்னாளில் அரசியாகிறாள். சொல்லாய்வாளர்க்குக் கதையினும் பயனுள்ளது அங்குள்ள சிறு குறிப்பு: சில்லா மக்கள் இவ்வாட்டத்தை 'மணியோடு விளையாடுதல்' என்று பொருள்படும் பெயரால் வழங்கினர் என்கிறது அது. எழுத்தறிந்தோர் உதையைச் சொன்னார்கள். மக்கள் உருண்ட மணியைச் சொன்னார்கள். உதையோ காலோ இல்லாத மூன்றாம் வழி ஒன்றும் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

இக்காலக் கொரியமொழி ஐரோப்பிய ஆட்டத்துக்கு வழங்கும் பெயர் உதைத்தலும் பந்தும் சேர்ந்தது. அதனைத் தமிழெழுத்தில் எழுதினால் 'சுக்கு' என்று வந்து நிற்கும். ஒலியொப்புமையை மட்டும் நம்புவோர் இஞ்சிக்கும் பந்துக்கும் உறவு தேடப் புறப்படலாம்; இத்தகைய தேடல்கள் அச்சேறியதே இல்லை என்று சொல்வதற்கில்லை.

ஜப்பானின் 'கெமரி' சீனத்திலிருந்து சென்றதே எனினும் பெயர் ஜப்பானியச் சொற்களால் ஆனது. கெ என்பது உதைத்தல் வினையின் பகுதி. மரி என்பது பந்து. காலங்காட்டாத வினைப்பகுதி முன்னும் பெயர் பின்னுமாக அமைந்த இத்தொகையைத் தமிழ் மாணவர் வினைத்தொகை என்றே இனங்காண்பர். 'உதைபந்து' அதற்கு உறுப்புக்கு உறுப்பு நேராகிறது. இந்நேர்மைக்குக் காரணம் தேட உறவுக்குச் செல்ல வேண்டியதில்லை. தமிழும் ஜப்பானியமும் அடைமொழியை முன்னும் தலைச்சொல்லைப் பின்னும் வைக்கும் மொழிகள். 'உதை', 'பந்து' என்னும் இரண்டைக் கொண்டு பெயரமைக்கச் சொன்னால் இவ்வரிசையே இரண்டிலும் இயல்பாக வரும். அடையைப் பின்வைக்கும் வியட்நாமிய மொழியில் 'பாங் தா' என்று பந்து முன்னும் உதை பின்னுமாக வருவதும், மலேசிய மலாயில் 'போலா செப்பாக்' என வருவதும் இதனை உறுதிசெய்யும்.

கெமரியில் வெற்றி தோல்வி இல்லை. பொதுவாக எண்மர் சூழ்ந்து நின்று, மான்தோலால் ஆன பந்தை வலக்காலால் மேலெழுப்பித் தரையில் விழாமல் காப்பர். களத்தின் நான்கு மூலைகளிலும் செர்ரி, வில்லோ, மேப்பிள், பைன் மரங்கள் நிற்கும். உதைக்கும்போது 'அரி', 'யா', 'ஓ' எனக் குரலெழுப்புவர். 12ஆம் நூற்றாண்டில் இவ்வாட்டத்தில் பெரும்புகழ் பெற்ற ஃபுஜிவாரா நோ நரிமிச்சியின்முன் பந்தின் தேவதைகள் குரங்குருவில் தோன்றின என்றும், அக்குரல்கள் அவற்றின் பெயர்களோடு தொடர்புடையவை என்றும் மரபு கூறும். கியோத்தோவின் ஷிமொகாமோ கோயிலில் ஆண்டுதோறும் சனவரி 4ஆம் நாள் இவ்வாட்டம் இன்றும் நிகழ்கிறது.

புதிய ஆட்டத்துக்கு ஜப்பான் முதலில் வைத்த பெயர் 'ஷூக்யூ'. உதையும் பந்தும் கொண்ட சீனவொலிச் சொல். 1921இல் அமைந்த தேசியச் சங்கம் இச்சொல்லையே தன் பெயரில் தாங்கியது. உதைத்தலுக்கான எழுத்து 1946இல் அரசு வெளியிட்ட பொதுப்பயன்பாட்டு எழுத்துப் பட்டியலில் இடம்பெறவில்லை, 2010இல்தான் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் 'சாக்கா' என்னும் ஆங்கிலக் கடன்சொல் வேரூன்றியது. சங்கமும் 1974இல் தன் பெயரை அவ்வாறே மாற்றிக்கொண்டது. கொரியச் சங்கத்தின் பெயரில் 'உதை' இன்றும் நிற்கிறது. ஒரு சொல்லின் ஆயுளை அரசின் எழுத்துப் பட்டியலும் முடிவுசெய்யக்கூடும் என்பதைச் சொல்லாக்கக் குழுக்களில் அமர்வோர் கருதிப் பார்க்கலாம்.

தமிழின் பந்தடி

தமிழிலக்கியத்தில் பந்துக்குப் பஞ்சமில்லை. சிலப்பதிகார வாழ்த்துக்காதையில் கந்துகவரி இடம்பெறுகிறது. பெருங்கதையில் 'பந்தடி கண்டது' எனத் தனிக்காதையே உண்டு. சீவக சிந்தாமணியில் விமலையின் பந்து தெருவில் வந்து விழுவதிலிருந்து ஓர் இலம்பகம் பிறக்கிறது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கிறாள். இவை அனைத்திலும் பந்தை ஆடுவோர் மகளிர். ஆடும் உறுப்பு கை. வினைச்சொல் பெரிதும் 'அடி'. பந்து எழுந்து விழுவதும், எண்ணிக்கை பெருகுவதும், பாட்டின் தாளம் அதனோடு இயைவதும் இப்பகுதிகளின் அழகு.

இவற்றைக் கெமரியோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஜப்பானிய மரபிலேயே இதற்குரிய இணை வேறொன்று உண்டு. அது 'தெமரி', தெ என்பது கை. சிறுமியர் எண்ணுப்பாட்டுப் பாடிக்கொண்டே கையால் தட்டியாடும் பந்து அது. பாட்டும் எண்ணிக்கையும் மகளிரும் கூடிய தெமரியே கந்துகவரிக்கும் பந்தடிக்கும் அருகில் நிற்பது. பெயரமைப்பில் ஒரு வேறுபாடு உண்டு: ஜப்பானியம் கையாட்டத்தை உறுப்பாலும் காலாட்டத்தை வினையாலும் பெயரிட்டது, தமிழ் கையாட்டத்தை வினையால் பெயரிட்டது.

இலக்கியப் பயன்பாட்டில் ஓர் எதிர்நிலை ஒப்புமையும் சுவையானது. முராசாகி ஷிகிபு எழுதிய 'கெஞ்சியின் கதை'யில் ஆடவர் கெமரி ஆடிக்கொண்டிருக்கும்போது, பூனையொன்று திரையை விலக்கிவிட, உள்ளிருக்கும் இளவரசியைக் காஷிவாகி கண்டுவிடுகிறான். கதையின் பெருந்துன்பம் அங்கே தொடங்குகிறது. பெருங்கதையில் பந்தாடும் மானனீகையைக் கண்டு உதயணன் உள்ளம் இழக்கிறான். அங்கே ஆடுபவன் காண்கிறான். இங்கே ஆடுபவள் காணப்படுகிறாள். பந்தாட்டம் காட்சிக்கு வழிதிறக்கும் கருவியாவது இரண்டிலும் ஒன்றே.

'பந்தடி' என்பதன் ஈற்றிலுள்ள 'அடி' பாதத்தையும் குறிக்கும் சொல்லாதலால், பழந்தமிழர் காலால் பந்தாடினர் என்பதற்கு இச்சொல்லே சான்று என வாதிடும் இடர் உண்டு. காதைகளின் வருணனை முழுதும் கையைச் சார்ந்திருக்க, சொல்லின் ஒலியொன்றை மட்டும் கொண்டு காலைக் கொணர்வது ஏற்புடையதாகாது. இன்றைய ஆட்டத்திலும் தமிழ்நாட்டார் 'கோல் அடித்தான்' என்றே கூறுவர். உதைத்ததையும் அடித்தல் என்னும் பழைய வினையே ஆள்கிறது. பந்தடியின் எச்சமாக இதனைக் கொள்ளலாம். 'உதை' என்பதோ தமிழ்நாட்டுப் பேச்சில் 'உதை வாங்கினான்' என்பது போலப் பொதுவாக அடிபடுதலையும் குறிக்கும் அளவுக்குப் பொருள் விரிந்துவிட்டது. காலுக்கே உரிய வினை என்னும் கூர்மை அங்குத் தளர்ந்திருப்பதால், உறுப்பைச் சொல்லும் 'கால்பந்து' அங்கு எளிதில் வேரூன்றியிருக்கலாம்.

அண்மையும் கடனும்

ஒரே பெயரிடுமுறை இரு மொழிகளில் காணப்பட்டால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: பொது மூதாதை, கடன், தனித்தனித் தோற்றம். ஐரோப்பிய ஆட்டம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரோடு வந்தது. அதற்குரிய தமிழ்ப்பெயர்கள் அதற்குப் பிற்பட்டவை. எனவே முதற்காரணத்துக்கு இடமில்லை. இரண்டாவதைச் சோதிக்கத் தமிழ் வழங்கும் நாடுகளே போதிய சான்று தருகின்றன.

இலங்கையில் தமிழின் அண்டைமொழி சிங்களம். அதில் இவ்வாட்டம் 'பாபந்து'. பா – கால், பந்து – பந்து. உறுப்பால் அமைந்த பெயர். அதன் அருகிலேயே தமிழ் வினையால் 'உதைபந்து' என்றது. மலேசியாவில் அண்டைமொழி மலாய். பழைய பிரம்புப் பந்தாட்டமாகிய 'செப்பாக் ராகா', அதன் இன்றைய வடிவமாகிய 'செப்பாக் தக்ரா', ஐரோப்பிய ஆட்டத்தின் 'போலா செப்பாக்' என எல்லாவற்றிலும் செப்பாக் என்னும் உதையே பெயரை ஆள்கிறது. அதன் நடுவில் வாழும் தமிழ் உறுப்பால் 'காற்பந்து' என்றது. இரு நாடுகளிலும் தமிழ் தன் அண்டைமொழிக்கு எதிர்வழியிலேயே சென்றுள்ளது. கன்னடத்தில் செண்டு என்பது பந்து. அங்கு 'கால்ச்செண்டு' என்றனர். கருநாடக எல்லைக்கு அருகிலுள்ள நீலகிரியில் 'கால்பந்து' வழங்குவதற்கு இதனைக் காரணமாகக் காட்ட இயலாது. அதே சொல் கடலோர மாவட்டங்களிலும் வழங்குகிறது. (தமிழில் 'செண்டு' பூங்கொத்தாகவும், ஐயனார் கையிலுள்ள கோலாகவும், பாண்டியன் மேருவை அடித்த படைக்கலமாகவும் கிளைத்தது தனிக்கட்டுரைக்குரியது.)

அண்மையிருந்தும் சொல் கடக்காமை பற்றிப் பேசும்போது பைக்காராவின் அண்டையிலுள்ள நடுவட்டம் நினைவுக்கு வருவது தவிர்க்கவியலாதது. 1860களில் இப்பகுதியில் அரசு சிங்கோனாத் தோட்டங்களை அமைத்தபோது, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் அவற்றில் வேலை வாங்கப்பட்டனர். நடுவட்டத்தில் அவர்களுக்கெனச் சிறையும் இருந்தது. விடுதலைக்குப்பின் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்தனர். 1890களில் எட்கர் தர்ஸ்டன் அக்குடியிருப்பைக் கண்டு எழுதினார். அவருடைய முதன்மை அக்கறை உடலளவுகளில் இருந்தது. தமிழும் சீனமும் ஒரே அடுப்பங்கரையில் பேசப்பட்ட அரிய சூழல் அது. ஆயினும் 'கால்பந்து', 'சூச்சியூ' என்னும் நேரிணைக்கு இக்குடியிருப்பைப் பாலமாக்குவது கற்பனையாகவே முடியும்: சீனச்சொல்லும் தமிழ்ச்சொல்லும் தனித்தனியே ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்தவை, ஒன்றையொன்று அறிய வேண்டிய தேவை அவற்றுக்கு இருந்ததில்லை.

1930களின் பிற்பகுதியில் நீலகிரியில் தோடா, கோத்தர் மொழிகளைக் களத்தில் ஆராய்ந்த எமனோ, 1956இல் 'மொழியியல் பரப்பாக இந்தியா' என்னும் கட்டுரையில், உறவற்ற மொழிகளும் நெடுங்கால அண்மையால் கூறுகளைப் பகிர்வதை நிறுவினார். கடனை ஏற்கச் செய்த அவ்வாய்வின் வலிமை, கூறு எங்கெங்கே உள்ளது, எங்கெங்கே இல்லை என்று பரப்பை வரைந்து காட்டியதில் இருந்தது. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் பரப்பு எதுவும் உருவாகவில்லை. சிதறிய புள்ளிகளே மிஞ்சுகின்றன. ஆதலின் மூன்றாம் காரணமாகிய தனித்தனித் தோற்றமே பொருந்துகிறது. காலால் பந்தை உதைக்கும் ஆட்டத்தில் பெயருக்குக் கிடைக்கும் பொருள்கள் மூன்றே: கால், உதை, பந்து. மூன்றாவதை வைத்துக்கொண்டு முதலிரண்டில் ஒன்றைத் தேர்வதைத் தவிர மொழிகளுக்கு வேறு வழி மிகுதியாக இல்லை.

தமிழில் எழுதும்போது

இவ்விளக்கத்துக்கு நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. பாடநூல்களிலும் கலைக்களஞ்சியப் பதிவுகளிலும் சுஜுவைப் 'பண்டைய சீனக் கால்பந்து' என்றும், கெமரியை 'ஜப்பானியக் கால்பந்து' என்றும் எழுதுவது எளிது. ஆனால் 'கால்பந்து' தமிழ்நாட்டில் பொதுப்பெயராக நில்லாமல், பதினொருவர் அணி, இரு கோல்கம்பங்கள், வெற்றி தோல்வி ஆகியவற்றோடு கூடிய ஓராட்டத்தின் சிறப்புப் பெயராகிவிட்டது. வெற்றி தோல்வியே இல்லாத கெமரிக்கு அப்பெயரை இட்டால் படிப்பவர் மனத்தில் இல்லாத கோல்கம்பங்கள் எழும். மாற்றாக 'உதைபந்து' என எழுதினால், அமைப்பால் கெமரிக்கு நேரான பெயராயினும், இலங்கைப் படிப்பாளருக்கு அதே இடர்ப்பாடு நேரும். அவருக்கு அதுவே சிறப்புப் பெயர்.

இரு நாட்டாருக்கும் பொதுவாகப் 'பந்துதை ஆட்டங்கள்' என்பதை இனப்பெயராக வைத்து, அதனுள் சுஜு, சுக்குக், கெமரி ஆகியவற்றை அவ்வம்மொழிப் பெயராலேயே சுட்டுவது தக்கதாகத் தோன்றுகிறது. இத்தொடர் எவ்வழக்கிலும் ஓராட்டத்துக்கு உரிமையாகவில்லை. ஒலிப்பில் சற்று முரடாக இருப்பது குறையே. ஆயினும் கலைச்சொல்லில் இனிமைக்கு முன் ஐயமின்மை வேண்டும். இறகுப்பூவைக் காலால் தட்டும் சீன 'ஜியன்சு', கொரிய 'ஜெகி' போன்றவற்றில் பந்தே இல்லையாதலால் அவற்றை இவ்வினத்துள் அடக்காமல் 'உதையாட்டங்கள்' என்னும் பேரினத்தில் வைக்கலாம்.

ஓரிடத்தில் மட்டும் பழந்தமிழ்ச் சொல்லே மொழிபெயர்ப்பாளருக்குக் கைகொடுக்கும். ஜப்பானிய அரச வரலாறாகிய 'நிஹோன் ஷோகி' 644ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றைக் கூறுகிறது. ஹோகோஜி கோயிலில் நடந்த பந்தாட்டத்தில் இளவரசர் நாக்கா நோ ஓயேயின் காலணி கழன்று விழ, நக்காதோமி நோ கமதாரி அதனை எடுத்துத் தருகிறார். மறு ஆண்டு அரசியல் மாற்றத்துக்கு வித்திட்ட நட்பு அங்கே தொடங்குகிறது. அவ்விடத்தில் மூலத்திலுள்ள எழுத்துகள் உதைத்தலைக் குறிக்கவில்லை. அடித்தலையும் பந்தையும் குறிக்கின்றன. காலணி கழன்றதால் அது கெமரியே என்பார் ஒருசாரார். எழுத்தின்படி கோலால் அடிக்கும் ஆட்டம் என்பார் மறுசாரார். 'உதைபந்து' என்றோ 'கால்பந்து' என்றோ பெயர்த்தால் மொழிபெயர்ப்பாளர் தாமறியாமலே ஒரு சாராரோடு சேர்ந்துவிடுவார். 'பந்தடி' என்று எழுதினால் கையோ கோலோ காலோ என்பது மூலத்தில் உள்ளவாறே திறந்து நிற்கும்.